ஈரச்சாக்கு கட்டின ஜன்னல்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விட்டுட்டு சட்டுனு வாங்க, கதவைச் சாத்தணும். கதவு திறந்து கெடந்தா தெருச்சூடு பூரா உள்ள வந்து உக்காந்துக்கும், அப்பறம் அதை வெளிய தொரத்தறது என்னா பாடுன்னு எனக்குத்தான் தெரியும். ஆங், தாழ் போட்டாச்சு. இருட்டா இருக்குதேன்னு பார்க்காதீங்க, கண்ணு பழகிடும். அந்த ஸ்டூல்ல உக்காருங்க. கட்டில் வேணாம். அது அவரு படுத்துக்கினு இருந்த கட்டில்.

ஜன்னலைத் திறக்கணும்ன்றீங்க, புரியுது. கீழ்வீட்டு ஏசியோட வெளிப்பெட்டியைக் கழட்ட வந்திருக்கீங்க. பெட்டிக்கு நேரா உங்க ஏணியை ஊன இடமில்ல, என் ஜன்னல் வழியா கையை விட்டாத்தான் மேல் போல்ட்டு வரும். எல்லாம் சுகுணா வாசல்ல நின்னு உங்ககிட்ட சொன்னது என் காதுலயும் விழுந்தது. சுகுணான்றது என் ஓரகத்தி. என் கொழுந்தன் முனிரத்தினத்தோட பொண்டாட்டி. அவளே ஏறி வந்து என்னைக் கேக்க வேண்டியதுதானே? வரமாட்டா. காரியத்தன்னைக்கு நான் பேசின பேச்சுக்கு அப்பறம் இந்தப் படியை அவ மிதிக்கல.

வெயில் இறங்கட்டும் தம்பி, திறக்கலாம். உச்சிவெயில்ல அந்த ஜன்னலை நான் திறக்கறதில்ல. உச்சிவெயில்ல என்னா, பங்குனியில சாத்தினது, இன்னிவரைக்கும் திறக்கல. மேல சாக்கைப் போட்டு சுத்திலும் ஆணி அடிச்சிருக்கறேன் பாருங்க. பிடுங்கணும்னா சுத்தியல் வேணும், அது எங்க வச்சேனோ. மோர் குடிங்க முதல்ல. பானை மோரு. பெருங்காயம் தூக்கலா இருக்கும், அவருக்கு அப்படித்தான் பிடிக்கும், கை பழகிப்போச்சு.

தரையைத் தொட்டுப் பாருங்க. சும்மா தொடுங்க. எப்படி இருக்குது? ஈரமா இருக்குதா? தண்ணி ஊத்தினா ஈரமா இல்லாம பின்ன எப்படி இருக்கும்! குளுமையைச் சொல்லுங்க. இந்த வீட்டுக்கு மேல மாடி கிடையாது தம்பி. தலைக்கு மேல தளம், தளத்துக்கு மேல சூரியன், நடுவுல யாரும் இல்ல. நம்ம வேலூரைப் பத்தித்தான் ஊர் உலகமே பேசுதே, தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டைன்னு. வெயில் இல்லாத ஊருன்னு மட்டும் எவனும் சொன்னதில்ல. அந்த வெயில்ல, ஏசி இல்லாம, கூலர் இல்லாம, ஒரு படுத்த படுக்கை ஆளை நான் வச்சிக் காப்பாத்தினேன். எப்படின்னு கேளுங்க.

மொட்டைமாடியில கெட்டியா சுண்ணாம்பு அடிச்சேன். கடையை மூடினப்ப மிஞ்சின சுண்ணாம்பு, வெத்தலைக்குப் போடறது. அதும் மேல தென்னோலை. சாயங்காலம் ஆனா கீழ குழாய்லருந்து குடம் குடமா தூக்கிக்கினு போய் ஊத்துவேன். தளம் சொய்யின்னு சத்தம் போடும், தோசைக்கல்லு மாதிரி. என் முட்டியைப் பார்க்கறீங்களா, வீங்கிக் கெடக்குது, அந்தப் படி பண்ண வேலை. ஜன்னலுக்கு ஈரச்சாக்கு, கதவுக்கு ஈரச்சாக்கு, கட்டிலைச் சுத்தி ஈரச்சேலை. தரையில தண்ணி. காஞ்சுதோ இல்லியோ, திரும்பத் தண்ணி.

ஃபேனைப் பார்க்கறீங்க. நல்லாத்தான் ஓடும், நான்தான் போடறதில்ல. தளம் கொதிக்குது, அதுங்கீழ ஃபேனைப் போட்டா என்னா ஆவும்? அந்தச் சூட்டை அள்ளி அள்ளித் தலையில கொட்டும். படிச்சவங்களுக்கே இது தெரியறதில்ல. காசு குடுத்து கரண்டு வாங்கி அனலைத் தலையில ஊத்திக்கறாங்க. தூ.

இதெல்லாம் எனக்கு யாரும் சொல்லிக்குடுக்கல. வெத்தலை சொல்லிக்குடுத்தது. எங்க வீட்டுக்காரரு வெத்தலை யாவாரம். மார்க்கெட்டுல ஏகாம்பரம் வெத்தலைக்கடைன்னு கேட்டுப் பாருங்க, இப்பவும் கை காட்டுவாங்க. சித்திரை மாசம் பூரா கல்யாணம், நூறு வெத்தலை அடுக்கின கவுளி கவுளியா போவும். பக்கத்துக் கடைக்காரன் வெத்தலையெல்லாம் மத்தியானத்துக்குள்ள தொவண்டுடும். எங்க வெத்தலை விளக்கு வைக்கற வரைக்கும் அப்பத்தான் கொடியிலருந்து கிள்ளின மாதிரி நிக்கும். யாரால? என்னால. கட்டு வந்து இறங்கினதும் ஈரச்சாக்குல சுத்தி, வீட்டு மூலையில, இருட்டுல, காத்துப் படாம வச்சி, நேரத்துக்கு நேரம் தண்ணி தெளிக்கறது என் வேலை. வெத்தலைக்கு எமன் வெயில் இல்ல தம்பி. காத்து. கொஞ்சம் காத்துப் பட்டாலும் ஓரம் சருகாயிடும்.

விடிகாத்தால அவரு எழுந்து என்னா பண்ணுவாரு தெரியுமா, நான் ராவெல்லாம் பொத்தி வச்சதை ஒவ்வொரு கட்டா பிரிப்பாரு. கவுளியை இடதுகையில பிடிச்சி இப்படி, இப்படி உதறுவாரு. தரையில பரப்பி முறத்தால விசிறுவாரு. அப்பறம் திரும்பவும் கட்டுவாரு. எனக்குன்னா பத்திக்கினு வரும். "என் வேலையைக் கெடுக்கறதுக்குன்னே எழுந்துக்கறீங்களா"ன்னு கத்துவேன். "அதுங்களும் மூச்சு விட வேணாமாடி"ம்பாரு. "வெத்தலைக்கு மூக்கு எங்க இருக்குது, காட்டுங்க"ன்னு கேப்பேன். சிரிச்சிக்கினே காபி கேப்பாரு. அது அவரு வேலை, எதுக்குப் பண்ணாரோ, நான் அதுல தலையிட்டதில்ல.

கடையிலதான் விழுந்தாரு. ரெண்டு வருஷம் ஆச்சு. பாக்கு நிறுக்க எடைக்கல்லை எடுக்கப் போன கை அப்படியே நின்னுடுச்சாம். வலது கை, வலது கால், பேச்சு, மூணும் ஒரே நாள்ல போச்சு. இடதுகை மட்டும் நின்னுது. கண்ணு நின்னுது. எங்களுக்குப் பிள்ளை குட்டி கிடையாது தம்பி. எனக்கு அவரு, அவருக்கு நானு. பேச்சு போனா என்னா, முப்பது வருஷம் குடும்பம் பண்ணவளுக்கு அவரு மனசுல ஓடறது தெரியாதா? கண்ணைப் பார்த்தே சொல்லிடுவேன், இப்ப சோறு வேணும், இப்ப திரும்பிப் படுக்கணும், இப்ப என்மேல கோவம்னு. ஒரு தடவை கூடத் தப்பா சொன்னதில்ல. தப்புன்னு அவரும் சொன்னதில்ல.

சிரிக்காதீங்க. நான் சொல்றது உங்களுக்கு வேடிக்கையா இருக்குது.

இந்த மாடி எங்களுக்கு எப்படி வந்ததுன்னு கேளுங்க. பாகம் பிரிக்கும்போது மூத்தவருக்குத்தான் கீழ்வீடு. ஊர் வழக்கம் அது. அன்னிக்கு சுகுணா கைக்குழந்தையோட நின்னா. இவரு என்னை ஒரு வார்த்தை கேக்கல. "தம்பி கீழ இருக்கட்டும், குழந்தை இருக்குது, படி ஏறக்கூடாது, நாங்க மேல போய்க்கறோம்"னுட்டாரு. சபையில! நான் அடுப்பங்கரையில காபி ஆத்திக்கினு இருக்கறேன், வெளிய என் வீடு போவுது. குழந்தை இல்லாதவளுக்கு வெயில், குழந்தை பெத்தவளுக்கு நிழலு. அன்னிக்கு விழுந்த முள்ளு தம்பி, இன்னும் எடுக்கல. அவருகிட்ட அதைப் பத்திப் பேசினதே இல்ல. பேசினா என்னா வரப்போவுது?

ஆச்சா. இந்த வருஷம் பங்குனியில கீழ ஏசி வருது. அந்தக் கைக்குழந்தை இப்ப பரீட்சைக்குப் படிக்குதாம், வேர்த்தா படிப்பு ஏறாதாம். வாங்கட்டும், அவங்க காசு. ஆனா வெளிப்பெட்டியைக் கொண்டாந்து எங்க மாட்டினாங்க? சரியா இவரு தலைமாட்டு ஜன்னலுக்குக் கீழ. முதல்நாள் அதைப் போட்டதும் பாருங்க, அடுப்பு ஊதற மாதிரி அனல் இந்த ஜன்னல் வழியா குபுகுபுன்னு வந்து அவரு மூஞ்சியில அடிக்குது. அவளுக்கு எது வேணாமோ அதை மேல அனுப்பறா. நிழலையும் எடுத்துக்கினா, இப்ப அவ வீட்டு வெயிலையும் என் வீட்டுல கொட்டறா. நியாயமா சொல்லுங்க. நீங்கதான் இந்த மெஷினையெல்லாம் மாட்டறவங்க, உங்களுக்குத் தெரியாதா?

எறங்கிப் போனேன். தெருவே கூடிடுச்சு. வாசல் மண்ணை அள்ளி அவ வீட்டுமேல தூத்திட்டு வந்தேன். மண்ணு தூத்தறதுன்னா சும்மா இல்ல தம்பி, வயிறு எரிஞ்சாத்தான் தூத்துவாங்க. அன்னிக்கே ஜன்னலைச் சாத்தினேன். சாக்கை நனைச்சி ஆணி அடிச்சேன்.

மறுநாள் காத்தால சுகுணா வந்து நிக்கறா, அழுது அழுது மூஞ்சி வீங்கியிருக்குது. "அக்கா, நீங்க சொன்னதுலருந்து நான் மெஷினைப் போடலக்கா. இனிமேலும் போடமாட்டேன். ஜன்னலைத் திறந்துவிடுங்க, மாமாவுக்குக் காத்து வரட்டும்"ன்றா. பச்சைப்பொய். முப்பதாயிரமோ நாப்பதாயிரமோ குடுத்து வாங்கினதை எவளாவது போடாம வச்சிருப்பாளா? "உன் நாடகத்தைக் கீழ வச்சிக்கோ"ன்னு சொன்னேன். எனக்குத்தான் காதுல கேக்குதே, ம்ம்ம்ம்னு, ராப்பகலா. சுவத்துல காதை வச்சா இன்னும் நல்லா கேக்கும்.

அவளும் விடல. ஒரு நாளு நுங்கு கொண்டாருவா, ஒரு நாளு இளநி. "அக்கா, மாமாவைக் கீழ இட்டாந்துடலாம். மாமாவுக்காக மட்டும் மெஷினைப் போட்டுக்கறோம். அதைக்கூட வேணாம்னா விடுங்க, தலைக்கு மேல உங்க வீடு இருக்கறதால கீழ இயற்கையாவே குளுமையா இருக்குதுக்கா"ன்றா. கேட்டீங்களா வார்த்தையை? தலைக்கு மேல உங்க வீடு இருக்கறதால! அப்ப நாங்க என்னா, அவளுக்குக் குடையா? நான் விட்டுக்குடுத்த வீட்டுக்குள்ள நானே போய், ஓரமா ஒரு பாயைப் போடும்மான்னு நிக்கணுமா? நுங்கை மட்டும் வாங்கி அவருக்கு ஊட்டிவிட்டேன். அதுல ஒண்ணும் கௌரவம் போகல. நல்லா சாப்பிட்டாரு அன்னிக்கு. என் விரலைக் கூட சப்பினாரு, குழந்தை மாதிரி.

கத்திரி பொறந்ததும் வெயில் என்னா வெயில்! நீங்களும் பார்த்தீங்களே, தெருவுல நாய் கூட நடக்கல. நான் வேலையைக் கூட்டினேன். தண்ணி ரெண்டு பங்கு. சாக்கு ரெண்டு அடுக்கு. அப்பத்தான் அவரு டம்ளரைத் தட்ட ஆரம்பிச்சாரு. இடதுகையில எவர்சில்வர் டம்ளரை எடுத்து கட்டில் கம்பியில டங்கு டங்குன்னு. முதல்ல எனக்குப் புரியல. தண்ணி குடுத்தேன், குடிச்சாரு, திரும்பத் தட்டினாரு. சோறு குடுத்தேன், தள்ளினாரு. அப்பறம் பார்த்தா கையை நீட்டி ஜன்னலைக் காட்டறாரு. ஜன்னலைக் காட்டறதும் தட்டறதும், ஜன்னலைக் காட்டறதும் தட்டறதும். எனக்குப் பொறி தட்டுச்சு. அந்த மெஷின் சத்தம்! அவருக்கும் கேக்குது, அந்தக் கோவத்தைத்தான் தட்டிக் காட்டறாரு. பேச்சு இல்லாட்டியும் ஆம்பளை ஆம்பளைதான்னு நினைச்சிக்கினேன். "இருங்க, உங்களுக்குச் சத்தமே கேக்காம பண்றேன்"னு சொல்லி ஜன்னலுக்கு இன்னொரு சாக்கு அடிச்சேன். நான் ஆணி அடிக்க அடிக்க அவரு தட்டறதை நிறுத்திட்டு என்னையே பார்த்துக்கினு இருந்தாரு. பார்த்தாரு பாருங்க ஒரு பார்வை, அதை நான் மறக்கவே மாட்டேன். நன்றியோட பார்த்தாரு தம்பி.

தட்டற சத்தம் கீழ கேட்டுதாம். முனிரத்தினம் அடுத்த நாளே மூணு ஆளுங்களையும் ஒரு மரநாற்காலியையும் தூக்கிக்கினு மேல வந்துட்டான். நல்லவன்தான், பொண்டாட்டி பேச்சைக் கேக்கறதுதான் குறை. "அண்ணி, அண்ணனைக் கீழ இட்டுக்கினு போறேன். கோவிச்சிக்காதீங்க. உள்ள நின்னாலே எனக்கு மயக்கம் வருது அண்ணி"ன்றான். ஏசியில கெடந்தவனுக்கு மயக்கம் வராம என்னா வரும்?

நான் வாசப்படியில குறுக்க நின்னேன். "முனிரத்தினம், இப்ப என்னா நடக்குது? கத்திரி. கத்திரியில எவனாவது கடைக்கால் போடுவானா, பால் காச்சுவானா, குடி மாறுவானா? நல்லா இருக்கறவங்களே வீடு மாறமாட்டாங்க. படுக்கையில கெடக்கறவரை இடம் மாத்தச் சொல்றியே, அக்னி சும்மா விடுமா?"ன்னேன். "இது குடி போறது இல்ல அண்ணி, படி இறங்கறது"ன்னான். "படுக்கை மாறினா குடி மாறினதுதான். உங்கண்ணனுக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா நீ திருப்பித் தருவியா"ன்னேன். அவன் கூட வந்தவங்களைத் திரும்பிப் பார்த்தான். அவங்களும், அண்ணி சொல்றதுல நியாயம் இருக்குதுப்பா, கத்திரி கழியட்டும்னாங்க. சாஸ்திரத்தை யாரு மீறுவாங்க?

அப்ப இவரு என்னா பண்ணாரு தெரியுமா? அந்த நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்துலயே இருந்துதா, இடதுகையை நீட்டி அதோட கையைப் பிடிச்சிக்கினாரு. விடவே இல்ல. அவன் நாற்காலியை இழுக்கறான், இவரு விடமாட்டேன்றாரு. அவ்வளவு பலம் அந்தக் கையில எங்கருந்து வந்ததோ. இந்தக் கைக்கு இவ்வளவு பலம் வந்ததுன்னா வலது கையும் வரும்னு எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்தது. தம்பியைக் கண்டா போதும் அவருக்கு, அனுப்ப மனசே வராது. பாசக்காரரு. நான்தான் பக்கத்துல உக்காந்து, "போய்ட்டு வரட்டுங்க, கத்திரி கழிஞ்சதும் வருவான்"னு சொல்லி ஒவ்வொரு விரலா பிரிச்சிவிட்டேன். முனிரத்தினம் படியில இறங்கறப்ப அழுதான். "கத்திரி கழிஞ்ச மறுநாள் வா, நீயே தூக்கிக்கினு போ. நான் ஒரு வார்த்தை பேசமாட்டேன்"னு சொல்லித்தான் அனுப்பினேன். நான் ஒண்ணும் கல்நெஞ்சக்காரி இல்ல.

இன்னொரு டம்ளர் மோர் ஊத்தட்டுமா? சட்டை பூரா நனைஞ்சிடுச்சே உங்களுக்கு. இந்தாங்க துண்டு. வெயில்ல நின்னு வேலை செஞ்சிட்டு வந்திருக்கீங்க, அந்தச் சூடு இப்பத்தான் வெளிய வருது. வரட்டும், நல்லது.

எங்க விட்டேன்? ஆங். அதுக்கப்பறம் அவரு தட்டல. அமைதியாயிட்டாரு. கத்திரியில பின் ஏழு, கடைசி ஏழு நாளு, நடக்குது, வெளிய கொள்ளிக்கட்டையா கொளுத்துது, உள்ள அவரு பாட்டுக்குக் கண்ணை மூடிக்கினு கெடக்கறாரு. ஒரு நாளு விடிகாத்தால நான் எழுந்து பார்க்கறேன், கண்ணு திறந்திருக்குது, இடதுகை மட்டும் அசையுது. இப்படி. மேல தூக்கி, இப்படி, இப்படி, உதறுது. திரும்ப உதறுது. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துடுச்சு தம்பி. வெத்தலையை உதறறாரு! கடை ஞாபகம்! ரெண்டு வருஷமா எதுவும் ஞாபகம் இருக்குதோ இல்லியோன்னு நான் கும்பிடாத சாமி இல்ல, இதோ ஞாபகம் இருக்குது. பக்கத்துல உக்காந்து அந்தக் கையைப் பிடிச்சி மடியில வச்சிக்கினேன். "கட்டெல்லாம் பிரிச்சாச்சுங்க, எல்லாம் வித்துப் போச்சு, நிம்மதியா தூங்குங்க"ன்னு சொன்னேன். கையை இழுத்துக்கினு திரும்பவும் உதறினாரு. என்னைப் பார்த்து உதறினாரு. நான் சிரிச்சேன். "காபி வேணுமா"ன்னு கேட்டேன்.

அதுதான் எங்களுக்குள்ள கடைசிப் பேச்சு.

பேச்சுன்னுதான் சொல்வேன். அவரு சொன்னாரு, எனக்குப் புரிஞ்சுது. அதுக்குப் பேரு பேச்சு இல்லாம என்னா?

கடைசி ரெண்டு நாளு இந்த வீடு எப்படி இருந்தது தெரியுமா? அதைச் சொன்னா சுகுணா நம்பல, அப்பறம் சர்டிபிகேட்டு குடுக்க வந்த டாக்டரும் நம்பல. முந்தியெல்லாம் காத்தால மாத்தற பனியன் மத்தியானத்துக்குள்ள பிழியற மாதிரி ஆயிடும். கடைசி ரெண்டு நாளு ஒரு பொட்டு வேர்வை இல்ல தம்பி. நெத்தியில இல்ல, கழுத்துல இல்ல, முதுகுல கைவிட்டுப் பார்த்தேன், காஞ்சி கெடக்குது, பவுடர் போட்ட மாதிரி. எனக்கு அவ்வளவு பெருமை. வெளிய ஊரே வெந்து சாவுது, என் வீட்டுக்குள்ள ஒரு மனுஷனுக்கு வேர்க்கவே இல்லன்னா பார்த்துக்கோங்க. இதுக்கு மேல எந்த ஏசி குளுமை குடுக்கும்? உடம்பு மட்டும் தொட்டா சுட்டுது. அது உள்சூடு, வருஷக்கணக்கா படுத்துக் கெடந்தா வர்றது. தொப்புள்லயும் உள்ளங்கால்லயும் விளக்கெண்ணெய் வச்சேன். மோர் குடுத்தேன், கடைவாயில வழிஞ்சிடுச்சு. பசி இல்ல போலன்னு விட்டுட்டேன். தரைக்குத் தண்ணி ஊத்தினேன்.

கத்திரியோட கடைசி நாளு. சாயங்காலம் மொட்டைமாடிக்குத் தண்ணி ஊத்திட்டு வந்து, "நாளைக்கு உங்க தம்பி வருவான், தயாரா இருங்க"ன்னு சொல்றேன், கண்ணு அசையல.

நான் உடனே கத்தல. நம்பறீங்களா? ஈரத்துணியை எடுத்து மூஞ்சியைத் துடைச்சேன். சாக்குக்குத் தண்ணி தெளிச்சேன். ஒரு சுத்து எல்லா வேலையும் முடிச்சேன். முடிச்சதுக்கப்பறம்தான் எனக்குச் செய்ய வேற ஒண்ணும் இல்லன்னு தெரிஞ்சுது. அப்பத்தான் கத்தினேன். இந்த வீட்டுல எனக்கு இனிமே யாரு இருக்கறாங்க தம்பி? யாருக்காகக் குடம் தூக்கறது? சொல்லுங்க.

மறுநாள் முனிரத்தினம் தூக்க வந்தான். அதே மூணு ஆளு, அதே நாற்காலி. உக்கார வச்சி, தாடையைக் கட்டி, தூக்கிக்கினு படி இறங்கினாங்க. நான் ஒரு வார்த்தை பேசல. சொன்ன சொல்லு சொன்னதுதான்.

காரியத்தன்னைக்கு அத்தனை பேரு எதிர்க்க சுகுணாவைக் கேட்டேன், "உன் மெஷின் ஊதின அனல்தானேடி என் புருஷனைக் கொன்னுது"ன்னு. தலையைக் குனிஞ்சிக்கினா. குத்தம் செஞ்ச நெஞ்சு எப்படிப் பேசும்? இப்ப ஊரு வாய்க்குப் பயந்து கழட்டறா. எனக்கு அந்த மெஷினே வேணாம், யாருக்காவது குடுத்துடுங்கன்னு உங்ககிட்ட சொன்னாளாமே. அவரு உயிரோட இருக்கறப்ப கழட்டியிருந்தா நான் ஜன்னலைத் திறந்திருப்பேன். திறந்திருப்பேனா இல்லியா? திறந்திருப்பேன்.

என்னா? திரும்பச் சொல்லுங்க.

குளவியா? எங்க, பெட்டிக்குள்ளயா? காத்தாடியில மண்ணு வச்சி வரிசையா கூடு கட்டியிருக்குதா. ஏணியில நின்னு எட்டிப் பார்த்தீங்களா. சரி, அதுக்கென்னா? குளவி கட்டாத இடம் எது? ஓடற காத்தாடியில எப்படிக் கட்டும்னு என்னைக் கேட்டா? நீங்கதானே மெக்கானிக்கு. நேத்து கட்டியிருக்கும். நாங்க எல்லாம் துக்கத்துல இருக்கறப்ப கட்டியிருக்கும். கூடு பழசா? காஞ்சி, ஓட்டை விழுந்து, குஞ்செல்லாம் பறந்தே போயிடுச்சா? பங்குனியிலருந்தே ஓடியிருக்க வழியே இல்லையா?

அப்ப எனக்குக் கேட்டது என்னா தம்பி? ராப்பகலா ம்ம்ம்ம்னு கேட்டுச்சே. எனக்கு மட்டுமா, அவருக்கும்தான் கேட்டுது. இல்லன்னா அவரு எதுக்கு ஜன்னலைக் காட்டினாரு? எதுக்குத் தட்டினாரு? சொல்லுங்க, எதுக்குத் தட்டினாரு பின்ன?

உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க அவரைப் பார்த்தது கூட இல்ல. சுகுணா சொல்லிக்குடுத்து அனுப்பியிருக்கறா. ஆமா, அதான். குளவிக்கூடாம் குளவிக்கூடு. நான் வெத்தலைக்காரர் பொண்டாட்டி தம்பி, எதை எப்படி வாடாம வைக்கணும்னு எனக்குத் தெரியும். கடைசி வரைக்கும் அவரு வாடவே இல்ல.

எங்க எழுந்துக்கறீங்க? ஜன்னல்கிட்ட போகாதீங்க. சாக்கைத் தொடாதீங்க, இப்பத்தான் நனைச்சேன். வெயில் இறங்கட்டும்னு சொன்னேனில்ல. கதவும் வேணாம், இருங்க. மூச்சு வாங்குதா? அப்படியே சுவத்துல சாஞ்சிக்கோங்க. இந்தா, இந்தப் பக்கமா இன்னும் கொஞ்சம் தண்ணி தெளிச்சிவிடறேன்.

உக்காருங்க தம்பி. முதல்ல எல்லாருக்கும் இப்படித்தான் வேர்த்து ஊத்தும். கொஞ்சம் பொறுத்துக்கினு உக்காந்தீங்கன்னா தானா நின்னுடும். அவருக்கும் நின்னுடுச்சு.